மண்ணில் தங்கிய ஈயமும் பிந்தி வந்த செய்தியும்

(பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் தென்கரையில் அமைந்த தொழில் நகரம் ஈஸ்ட் சிகாகோ. அங்கு வெஸ்ட் கலுமெட் என்னும் குடியிருப்பு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக 1970களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அந்த நிலத்தில் முன்னர் இயங்கியது ஓர் ஈய ஆலை. அதன் தெற்கே இருந்த யூ.எஸ்.எஸ். லெட் ஈய உருக்காலை 1985இல் மூடப்பட்டது. ஆலைகள் மறைந்தன, ஈயம் மறையவில்லை. ஈயம் ஒரு தனிமம். அது மக்குவதுமில்லை, சிதைவதுமில்லை.

2009இல் அப்பகுதி, நாட்டின் மிக மோசமாக மாசடைந்த இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எனினும் அங்கு மண்ணில் விளையாடுவதால் உடல்நலக் கேடு எதிர்பார்க்கப்படவில்லை என 2011இல் கூட்டரசின் சுகாதார அறிக்கையொன்று கூறியது. சிறுவர்கள் தொடர்ந்து அம்மண்ணில் விளையாடினர். 2016ஆம் ஆண்டு யூலை மாதத்தில், வேறிடம் செல்லுமாறு நகரத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. குடியிருந்த ஆயிரத்திற்கும் மேற்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் சிறுவர். தம் முற்றத்து மண்ணில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பதைப் பல தாய்மார் அறிந்தது அப்போதுதான். 2018இல் அக்குடியிருப்பு இடித்து அகற்றப்பட்டது.

சுற்றியிருந்த வீடுகளில் துப்புரவுப் பணி முற்றம் முற்றமாக நடைபெற்றது. மாசடைந்த மண் இரண்டு அடி ஆழம் வரை அகழ்ந்து அகற்றப்பட்டது. அதற்குக் கீழும் ஈயம் இருந்த இடங்களில், பின்னாளில் தோண்டுவோர்க்கு எச்சரிக்கையாகச் செம்மஞ்சள் நிற வலை விரிக்கப்பட்டது. அதன்மேல் தூய மண் நிரப்பிப் புல் பதிக்கப்பட்டது. முந்தைய நிறுவனங்களின் பொறுப்பை ஏற்றோர் துப்புரவுக்காக ஏறத்தாழ 26 மில்லியன் டொலர் வழங்க 2014இல் உடன்பட்டிருந்தனர்.

மண்ணை மாற்ற இயலும். ஆனால் வளரும் மூளைக்கு ஈயம் செய்த கேட்டை மீட்கும் மருந்து இல்லை. தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும்போது ஈயம் உடலுள் புகுகிறது. ஒரே அளவு ஈயத்தை உட்கொண்டாலும் வளர்ந்தோரைவிடக் குழந்தையின் உடல் நான்கு, ஐந்து மடங்கு கூடுதலாக அதை உறிஞ்சக்கூடும். கற்கும் திறனும் கவனமும் குன்றிய பின்னரே பல வீடுகளில் காரணம் தேடப்படுகிறது.

புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவும் வாடகை குறைந்த பழைய தொழில் நகரங்களிலேயே முதலில் குடியேறுகின்றன. வீட்டின் பின்புறத்தில் கீரையும் கத்தரியும் பயிரிடுகின்றன. அந்நிலத்தில் முன்பு என்ன இருந்தது என எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். ஐயமிருப்பின் மண்ணைச் சோதிப்பித்தல் வேண்டும். முடிவு வரும்வரை, பெட்டிப் பாத்திகளில் தூய மண்ணிட்டுப் பயிரிடலாம். காலணியை வாசலில் கழற்றும் நம்மவர் வழக்கம் வீட்டினுள் நஞ்சுத் தூசி வருவதைக் குறைக்கும், அவ்வழக்கத்தைக் கைவிடலாகாது. குழந்தையின் குருதியில் ஈய அளவைச் சோதிக்குமாறு மருத்துவரிடம் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

முன்னர் தரப்பட்ட உறுதிமொழியும் என்றும் செல்லுபடியாவதில்லை. குடியிருப்பு மண்ணில் பத்து இலட்சத்திற்கு 400 பங்கு என்றிருந்த அமெரிக்க ஈய அளவுகோல் 2024இல் 200ஆகக் குறைக்கப்பட்டது. அன்று தீங்கற்றது எனப்பட்ட முற்றம் இன்று மீண்டும் சோதிக்கப்பட வேண்டியதாகலாம்.

இங்கே இளையோர்க்கு ஒரு கடமை உண்டு. நகரசபை அறிவித்தல்களும் மண் ஆய்வு முடிவுகளும் அம்மம்மாவுக்கும் அப்பாவுக்கும் விளங்காத மொழியில் வருகின்றன. அவற்றை வாசித்துத் தமிழில் எடுத்துரைக்கவும், கூட்டங்களில் எழுந்து வினவவும் இளையோரால் இயலும். வெஸ்ட் கலுமெட் தாய்மாருக்குச் செய்தி பிந்தியே வந்தது. இங்குள்ள எந்தத் தாய்க்கும் அது பிந்தி வரலாகாது.