வளரும் வளாகமும் மாறும் கட்டடங்களும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் கட்டடத்துறை சார்ந்த பழைய மாணவியர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



கட்டட நிதிக்குக் காசு சேர்ப்பது நம்மைப் போன்ற சங்கங்களுக்குப் பழகிப்போன வேலை. படித்த பாடசாலைக்கும் சேர்க்கிறோம். நம் பிள்ளைகள் போய்ச் சேரும் பல்கலைக்கழகத்துக்கும் கொடுக்கிறோம். காசு சேர்ந்ததும் முதலில் எழும் கேள்வி, பெயர்க்கல்லை எங்கே பதிப்பது என்பதுதான். சிரிக்கிறீர்கள், ஆனால் உண்மை. இருபது வருடங்களுக்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடக்கும் என்று எவரும் கேட்பதில்லை. அதைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

திருநெல்வேலியைப் பாருங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பமாயிற்று. பாடசாலைக்கென்று எழுந்த இடம் பல்கலைக்கழகத்தைத் தாங்கியது. அக்காலத்துப் பாடசாலைக் கட்டடம் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும்: உயர்ந்த கூரை, நீண்ட விறாந்தை, இரண்டு பக்கமும் யன்னல். அப்படிப்பட்ட அறை வகுப்புக்கும் இணங்கும், அலுவலகத்துக்கும் இணங்கும்.

பேராதனையோ மாணவர் எல்லோரும் விடுதியில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாக அழகாகத் திட்டமிடப்பட்டது. 1952இல் அங்கே குடிபுகுந்தார்கள். 1960களில் தாய்மொழியில் கற்ற மாணவர் திரளாக வந்தபோது அந்தக் கணக்குப் போதவில்லை. தொகையை முன்கூட்டி அறிந்து கட்ட யாராலும் முடியாது.

மாத்தறை வெல்லமடமவில் ஜெப்ரி பாவா வேறு வழியில் போனார். ருகுணு பல்கலைக்கழகத்துக்காக 1980இல் அவர் பொறுப்பேற்ற வேலை 1988இல் நிறைவெய்தியது. கடலைப் பார்த்த மூன்று குன்றுகள். அவற்றை வெட்டித் தட்டையாக்காமல், ஏறக்குறைய ஐம்பது தனித்தனிக் கட்டடங்களைச் சரிவுகளிலே பரவவிட்டு, கூரையிட்ட நடைபாதைகளால் இணைத்தார். பிரிந்து நிற்கும் கட்டடங்களுக்கிடையே காற்று ஓடும். முற்றத்தில் மரம் நிற்கும். புதிய துறையொன்று வந்தால் நடைபாதையை நீட்டி இன்னொரு கட்டடத்தைக் கோத்துக்கொள்ளலாம், பழையதை இடிக்கத் தேவையில்லை. குறையும் உண்டு. படிகள் ஏராளம், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு அந்தக் குன்றுகள் இலகுவானவையல்ல. போரிலே கால்களை இழந்தோர் வாழும் நமது பிரதேசத்தில் இதை மறந்து திட்டமிட முடியாது.

நமது நிலம் தட்டை. நமக்குள்ள கவலை தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மாரி மழைதான் நமது கிணறு. வளாகம் வளர வளர முற்றத்துக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் சீமெந்துக் கல் பதிக்கிறோம். அதன்மேல் விழும் மழை வாய்க்காலோடு போய்விடுகிறது. மலசலகூடக் குழியின் கழிவோ அதே சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிறது. ஆகவே ஒவ்வொரு புதிய கூரையோடும் பீலியும் தொட்டியும், நிரம்பி வழியும் நீரை நிலத்துக்குள் விடும் குழியும் வரவேண்டும் என்று போகுமிடமெல்லாம் வற்புறுத்துகிறோம்.

வெயிலும் அப்படியே. கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும். சித்திரை நடுப்பகுதியிலிருந்து ஆவணி வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் இரு பக்கமும் தாழ்வாரம் தேவை. காலை மாலை வெயில் தாழ்ந்து வரும்; அதைத் தாழ்வாரத்தால் மறிக்க முடியாது. சோளகம் புகுந்து வெளியேற வழி விட்டால் பல அறைகளுக்கு மின்விசிறியே போதும். கண்ணாடி முகப்பைக் கட்டிவிட்டு உள்ளே குளிரூட்டி பூட்டுவது, மின் கட்டணத்தைப் பேரப்பிள்ளைகளின் தலையிலே கட்டும் வேலை.

இனி, நம்மைப் போன்ற பெண்கள் பாடசாலைக்காரிகள் கவனிக்க வேண்டிய ஒன்று. இன்று நாட்டின் பல்கலைக்கழகங்களில் மாணவியரே பெரும்பான்மை. ஆனால் பழைய மாடிக் கட்டடங்களில் பெண்களுக்கான மலசலகூடங்கள் போதாது; கூட்டவும் முடியாது. குழாய்கள் சுவருக்குள்ளே புதைந்து கிடக்கின்றன, சுவரோ மாடியைத் தாங்கி நிற்கிறது. பாரத்தைத் தூண்கள் தாங்கி, தடுப்புச் சுவர் கழற்றக்கூடியதாக இருந்து, குழாயும் மின்கம்பியும் கதவு வைத்த ஒரே ஒடுக்கத்தால் மாடிக்கு மாடி ஏறினால், ஒரு விடுமுறைக் காலத்துக்குள் இதைத் திருத்திவிடலாம். ஆய்வுகூடத்தை வகுப்பாக்குவதும் இப்படித்தான் இலகுவாகும். மாடிப்படியை நீட்டவேண்டிய பக்கத்திலேயே வைத்து வழியை அடைத்துக்கொள்வதும் நாம் அடிக்கடி காணும் காட்சி.

அடுத்த கட்டட நிதிக் கூட்டத்துக்கு வர்ணப் படம் வரும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருப்பவர்களுக்குக் கைபேசியிலேயே வந்துவிடும். முகப்பு எப்படி என்று கேட்காதீர்கள். குழாய் எந்த வழியாகப் போகிறது, மழைநீர் எங்கே இறங்குகிறது, எந்தப் பக்கமாக நீட்டலாம் என்று வரைந்தவரிடம் கேளுங்கள். தருகிற காசில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று வங்கியில் போட்டுவையுங்கள். பெயர்க்கல்லை வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டியிலே பதிக்கலாம். தண்ணீர் அள்ள வருகிறவர்கள் தினமும் பார்ப்பார்கள்.