பயிருக்கும் குடலுக்கும் துத்தநாகம்



கோமுகி அணைப் பாசனத்தில் நடவு முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் சில வயல்களில் பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கும். இளம் இலையின் அடிப்பாகம் வெளுத்து, கீழ் இலைகளில் துருப்பிடித்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். இது துத்தநாகக் குறை. பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஒய்.எல். நெனே 1966-இல் இதைக் கண்டறிந்தார். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து, கடைசி உழவுக்குப் பின் மேலாகத் தூவுகிறோம். மணிச்சத்து உரத்துடன் மட்டும் கலக்கக்கூடாது.

இதே துத்தநாகத்துக்கு நம் குழந்தையின் வயிற்றில் என்ன வேலை?

குடலின் உட்சுவர் சில நாள்களுக்கு ஒருமுறை பழையது உதிர்ந்து புதிதாக வளர்கிறது. நாற்றங்காலில் நாற்று எழும்புவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வளர்ச்சிக்குத் துத்தநாகம் வேண்டும். அது குறைந்தால் சுவரில் இடைவெளி விழுகிறது. கிருமி உள்ளே கசிகிறது. குடல் புண்பட்டு அழற்சி காண்கிறது. வயிற்றுப்போக்கில் துத்தநாகமும் சேர்ந்து வெளியேறுகிறது. புண்பட்ட குடல் உணவிலுள்ளதையும் சரியாக உறிஞ்சாது. வரப்பு உடைந்த வயலில் உரம் நிற்குமா?

ஆகவேதான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004-இல், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் தரவேண்டும் என்றன. நம் நாட்டில் 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். 2 முதல் 6 மாதம் வரை அதில் பாதி. 14 நாள் தரவேண்டும். மாத்திரையை ஒரு கரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைக்கலாம். பேதி மூன்றாம் நாள் நின்றுவிட்டது என்று மாத்திரையையும் நிறுத்துவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. குடல் தேற நாள் வேண்டும். மீண்டும் பேதி வருவதும் குறையும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உர மூட்டையிலுள்ள துத்தநாக சல்பேட் மருந்தன்று. பெயர் ஒன்றாயிருக்கிறதே என்று யாரும் அதைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். மூட்டையைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். மரவள்ளிக் கிழங்கில் துத்தநாகம் மிகக் குறைவு. கல்வராயன் மலைச் சாமையிலும் தினையிலும் உண்டு. ஆனால் தானியத்திலுள்ள பைட்டேட் என்ற பொருள் அதைக் கட்டி வைத்துக்கொள்கிறது. ஊறவைத்தாலும், முளைகட்டினாலும், கூழைப் புளிக்கவிட்டாலும் அந்தக் கட்டு தளரும். நம் பாட்டிமார் புளித்த கூழ் காய்ச்சியது வீண் வேலையல்ல. முட்டை, மீன், கறி, பருப்பு, வேர்க்கடலை, எள் ஆகியவற்றில் கிடைத்ததைச் சேருங்கள்.

ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் 'டி.ஆர்.ஆர். தன் 45' என்ற ரகத்தின் தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 22.6 மில்லிகிராம் துத்தநாகம் உண்டு. விதை கிடைத்தால் வீட்டுத் தேவைக்கு அரை ஏக்கர் நட்டுப் பாருங்கள்.

கருணாபுரத்திலோ மலையூர்களிலோ, கிராம சுகாதாரச் செவிலியரிடம் கரைசல் பொட்டலமும் மாத்திரையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கண் குழிந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் துவண்டாலோ மாத்திரையை நம்பிக் காத்திராமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். வழியிலும் கரைசலை ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.