அசோகன் என்றால் என்ன பொருள்?



அசோக் என்ற பெயர் நம் நாட்டில் பல மாநிலங்களில் உண்டு. தமிழில் அசோகன் என்கிறோம். இந்தப் பெயருக்கு என்ன பொருள்?

இது வடமொழிப் பெயர். சோகம் என்றால் துக்கம். அதன் முன்னால் 'அ' வந்தால் 'இல்லை' என்று ஆகும். நீதி, அநீதி. சுத்தம், அசுத்தம். அதுபோல, சோகம் இல்லாதவன் அசோகன். பிள்ளைக்குத் துக்கமே வரக்கூடாது. இதுதானே பெற்றவர்களின் ஆசை?

இந்தப் பெயருக்குப் புகழ் தந்தவர் அசோகச் சக்கரவர்த்தி. சுமார் 2,250 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர். பாடலிபுத்திரம் அவருடைய தலைநகர். அதுதான் இன்றைய பாட்னா.

அவர் கலிங்க நாட்டின் மேல் படையெடுத்தார். இன்றைய ஒடிசாப் பகுதிதான் கலிங்கம். போரில் வென்றார். ஆனால் மகிழவில்லை. 1 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். 1½ லட்சம் பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள். இதை நினைத்து வருந்துவதாக அவரே பாறையில் எழுதி வைத்தார். துக்கம் இல்லாதவன் என்று பெயர். அவரே மக்களுக்குத் துக்கம் தந்தார். பிறகு தாமும் துக்கப்பட்டார். அதன்பின் போரை வெறுத்தார். மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ வசதி செய்தார். வழியெங்கும் கிணறு வெட்டினார். மரம் நட்டார். இவற்றையும் கல்லில் எழுதினார்.

அந்த எழுத்தின் பெயர் பிராமி. காலப்போக்கில் அதைப் படிக்க மக்கள் மறந்துவிட்டார்கள். 14ஆம் நூற்றாண்டில் டில்லியை ஆண்டவர் பிரோஸ் ஷா துக்ளக். அவர் அசோகரின் தூண்கள் இரண்டை டில்லிக்குக் கொண்டுவந்தார். அறிஞர்களை அழைத்துப் படிக்கச் சொன்னார். ஒருவராலும் முடியவில்லை. கல் இருந்தது. எழுத்தும் இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை!

1837இல் ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் வழி கண்டார். சாஞ்சியில் பல சிறு கல்வெட்டுகள் இருந்தன. அவற்றின் முடிவில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. அது 'தானம்' என்ற சொல்லாக இருக்கும் என்று ஊகித்தார். அதிலிருந்து சில எழுத்துகள் பிடிபட்டன. மற்ற எழுத்துகளும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நாமும் அப்படித்தானே கற்றோம்? முதலில் 'அம்மா'. பிறகு 'படம்'.

கல்வெட்டுகளில் 'பியதசி' என்ற பெயர் இருந்தது. அது அசோகரின் மறுபெயர் என்று இலங்கையின் பழைய நூல் ஒன்று காட்டியது. 1915இல் கர்நாடகத்தின் மஸ்கி என்ற ஊரில் ஒரு பாறை எழுத்து கிடைத்தது. அதில் 'அசோகன்' என்ற பெயரே இருந்தது. சந்தேகம் தீர்ந்தது.

ஒரு பேரரசரின் பேச்சே பல நூறு ஆண்டுகள் ஊமையாகக் கிடந்தது. படிக்கத் தெரிந்த பிறகுதான் அது வாய் திறந்தது.

நாமும் ஆசையோடு பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம். பள்ளிப் பதிவேட்டில் அது சரியாக இருக்கிறதா? ரேஷன் அட்டையில் சரியாக இருக்கிறதா? முன்பு பிறரைக் கேட்டோம். இனி நாமே படித்துப் பார்ப்போம். இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். அதன் பொருளைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.