பழைய செய்தித்தாள் கூறும் சான்று
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளிவிழா என்பது கடந்து வந்த வழியை அளந்து பார்க்கும் நாள். நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் ஆசிரியராயினர், எத்தனை வீடுகளில் முதல் விளக்கு ஏற்றப்பட்டது என்று கணக்கெடுத்து மகிழ்கிறோம். அக்கணக்கோடு வேறொரு கணக்கும் சேர வேண்டும். இந்த வழியை அடைக்க முயன்றவர் யார், எந்தச் சொல்லைச் சொல்லி அடைத்தனர் என்னும் கணக்கு அது.

“உங்களை யார் தடுத்தார்கள்? எந்தக் காலத்துக் கதையைப் பேசுகிறீர்கள்?” என்று நம் பிள்ளைகளைக் கல்லூரி வாயிலில் கேட்போர் இன்றும் உளர். பாட்டன் சொன்னார், பாட்டி சொன்னார் என்று விடை கூறினால் சிரித்துவிட்டுப் போவர். நாளும் ஊரும் குறித்த அச்சுத் தாளை எடுத்து வைத்தால் அவர்களால் அவ்வாறு போக இயலாது. நேற்றைய செய்தித்தாள் இன்று கடையில் பொட்டலம் மடிக்கப் பயன்படுகிறது. ஆயினும் ஐம்பது ஆண்டு கடந்து கிடைத்தால் அதுவே சாட்சியாகிறது. அத்தகைய சாட்சியை எவ்வாறு படிப்பது, எவ்வாறு காப்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் கடல் கடந்த நாடொன்றைக் காண்போம். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற அமெரிக்க நாட்டில், தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பல, கறுப்பின மாணவர்க்குக் கதவடைத்திருந்தன. நிறவேற்றுமையும் சாதியும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கதவு அடைக்கப்படும் முறை இரண்டிலும் ஒத்திருக்கிறது. 1956 பிப்ரவரியில் ஆதரின் லூசி என்னும் பெண், நீதிமன்றத் தீர்ப்பின் துணையோடு அலபாமா பல்கலைக்கழக வகுப்பறைக்குள் நுழைந்தார். மூன்றாம் நாள் வகுப்பின்போது கும்பல் திரண்டு கல்லும் முட்டையும் வீசியது. பல்கலைக்கழகம் என்ன செய்தது? கல்லெறிந்த கும்பலை விட்டுவிட்டு, கல்லடிக்கு இலக்கான பெண்ணை இடைநீக்கம் செய்தது. அதற்குச் சொன்ன காரணம், அவருடைய ‘பாதுகாப்பு’! பின்னர் அவர் அடியோடு நீக்கப்பட்டார். அந்நீக்கம் 1988-இல்தான் விலக்கப்பட்டது. 1992-இல் அதே பல்கலைக்கழகத்தில் அவர் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அந்நாளில் அவ்வூர் நாளிதழான ‘டஸ்கலூசா நியூஸ்’ ஆசிரியர் பியூபோர்டு பூன், கும்பலுக்குப் பணிந்து பெற்ற அமைதி விலை மிகுந்த அமைதி என்னும் கருத்துப்படத் தலையங்கம் தீட்டினார். 1957-இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆறாண்டு கழித்து, 1962 செப்டம்பர் 30 இரவில், ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின இளைஞர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்வதை எதிர்த்துப் பெருங்கலவரம் மூண்டது. இருவர் உயிரிழந்தனர். அவருள் ஒருவர் செய்தி திரட்ட வந்த பிரெஞ்சு நாட்டுச் செய்தியாளர். மாநிலத் தலைநகர் ஜாக்சனின் இரு பெரிய நாளிதழ்களும் பிரித்து வைக்கும் கொள்கைக்கே பக்கத்துணையாய் நின்றன. அப்பல்கலைக்கழக மாணவர் இதழின் ஆசிரியரான சிட்னா பிரௌவர் என்னும் மாணவியோ, வன்முறையை நிறுத்துமாறு எழுதினார். அதற்காக மாணவர் பேரவை அவரைக் கண்டித்தது. மெரிடித் 1963-இல் பட்டம் பெற்று வெளியேறினார்.

இவற்றையெல்லாம் இன்று நாம் அறிவது எதனால்? அத்தாள்கள் காக்கப்பட்டதனால். கல்லெறிந்தவரைப் பற்றியும் தாள் பேசுகிறது, தனித்து நின்று நியாயம் பேசியவரைப் பற்றியும் பேசுகிறது. இரண்டையும் காப்பதுதான் சான்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றில் இதற்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி மராட்டிய மாநிலத்து மராத்வாடாவில் நடந்தது. நிசாம் ஆட்சியின் கீழ்க் கிடந்து, கல்வியில் பின்தங்கியிருந்த வறண்ட நிலப்பகுதி அது. அங்கு அவுரங்காபாத் நகரில், அண்ணல் அம்பேத்கர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1950-இல் கல்லூரி தொடங்கியது. மராத்வாடா பல்கலைக்கழகம் அதன்பின் 1958-இல்தான் தோன்றியது. பல்கலைக்கழகம் வருமுன் உயர்கல்விக்கு வழி வகுத்தவர் பெயரை அதற்குச் சூட்டவேண்டும் என்று ஒடுக்கப்பட்ட மக்கள் கோரினர். 1978 சூலை 27 அன்று மராட்டியச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றின.

அடுத்து நடந்ததை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலில் நகரங்களில் கடையடைப்பும் மறியலும் எழுந்தன. பின்னர் தீ சிற்றூர்களுக்குப் பரவிற்று. பல்கலைக்கழகத்தின் வாயிலைக்கூடக் காணாத உழவுக் கூலிகளின் குடிசைகள் எரிக்கப்பட்டன. நாந்தேடு மாவட்டத்தில் போச்சிராம் காம்பளே என்பவர் கொலையுண்டார். எண்ணற்ற குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின. ஒரு பெயர்ப்பலகைக்காகவா இத்தனை? அன்று. அப்பெயர் மாற்றப்பட்டால், மேல்சாதி மாணவனின் பட்டச் சான்றிதழிலும் அம்பேத்கர் பெயர் பொறிக்கப்படும். படித்த பிள்ளைகள் ஊர்வேலை செய்ய மறுத்ததும், இட ஒதுக்கீட்டால் அலுவலகங்களில் அமர்ந்ததும், நிலத்திற்கும் கூலிக்கும் வாய் திறந்ததும் முன்னரே உள்ளத்தில் குமைந்து கிடந்தன. பெயர் மாற்றம் அப்புகைச்சலுக்குக் காற்றாயிற்று.

எதிர்த்தவர் யாவரும் தடியெடுத்தவர் அல்லர். அப்பகுதியில் செல்வாக்கு மிக்கிருந்த ‘மராத்வாடா’ நாளிதழும், அதன் ஆசிரியர் அனந்த் பாலேராவும் பெயர் மாற்றத்தை எதிர்த்து நின்றனர். அவர் ஐதராபாத் விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றவர், மக்களால் மதிக்கப்பட்டவர்.  ‘மராத்வாடா’ என்னும் பெயர் எங்கள் மண்ணின் அடையாளம், எங்கள் பெருமை என்பதே முன்வைக்கப்பட்ட வாதம். மண்ணின் பெருமை பேசுவது தவறன்று. ஆனால் அம்மண்ணில் பிறந்து உழைத்தவனின் குடிசை எரியும்போது, அவன் அந்த மண்ணைச் சேர்ந்தவனா இல்லையா என்ற கேள்வி எழுகிறது. அலபாமாவில் ‘பாதுகாப்பு’ செய்த வேலையை இங்கே ‘பெருமை’ செய்தது.

நகரத்துக் கிளர்ச்சியைக் காணச் செய்தியாளர் செல்வது எளிது. ஒதுக்குப்புறச் சேரியில் எரிந்த கூரையைக் காணச் செல்வது அரிது. அக்குறையை உண்மையறியும் குழுவினர் நிரப்பினர். அவர்கள் திரட்டிய அறிக்கை 1979-இல் பம்பாயின் ‘எகனாமிக் அண்டு பொலிட்டிக்கல் வீக்லி’ இதழில் வெளிவந்தது. நெடும்பயணங்களும் சிறைவாசங்களும் தொடர்ந்தன. 1994 சனவரி 14 அன்றுதான் ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம்’ என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. தீர்மானத்திற்கும் பெயர்ப்பலகைக்கும் இடையே கழிந்த காலம் ஏறத்தாழ 16 ஆண்டுகள்.

இது வடக்கே நடந்த கதை என்று நாம் நிம்மதி கொள்ள இயலாது. நம் மாநிலத்தில் எதிர்ப்பு, மனுவின் வடிவிலும் வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடங்களையும் வகுப்புவாரி ஆணை பகிர்ந்தளித்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனர் என அன்று குறிக்கப்பட்ட நம் மக்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் 1, முசுலிம்களுக்கு 1 என்பது அப்பகிர்வு. செண்பகம் துரைராசன் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 1950-இலும், உச்சநீதிமன்றம் 1951-இலும் அவ்வாணை செல்லாதென்றன. இங்கே வழங்கிய சொல் ‘தகுதி’. வழக்குத் தொடுத்த அம்மையார் கல்லூரியில் சேர விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பதை உச்சநீதிமன்றத் தீர்ப்பே குறித்துள்ளது. தமிழகம் கொதித்தெழுந்தது. 1951 சூனில் அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) என்னும் பிரிவு சேர்ந்தது. முழுத்தாளையும் படிப்பவனுக்கே இத்தகைய நுட்பங்கள் கிட்டும்.

பெயரின் கதையும் நமக்கு அண்மையிலேயே உண்டு. மதுரைக்குத் தெற்கே, 1997-இல் புதிய அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு, கட்டபொம்மன் படையில் நின்று உயிர்நீத்த வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஒரு சாரார் எதிர்த்தனர். கலவரம் மூண்டு உயிர்கள் பறிபோயின. முடிவில் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்கள் யாவற்றையும் அரசு நீக்கிவிட்டது. அங்கே 16 ஆண்டு போராடிப் பெயர் நிலைத்தது. இங்கே ஒரு பெயரைப் பொறுக்காமையால் எல்லாப் பெயரும் போயின. இந்நிகழ்ச்சிகளை எழுதும்போது நம் நாளிதழ்கள் வழக்கமாகக் கையாளும் தொடர் எது? ‘இரு தரப்பினர் மோதல்’. அடித்தவனும் அடிபட்டவனும் அத்தொடரில் சமமாகிவிடுகின்றனர்.

ஆகவே, இளைஞர்களே, பழைய தாளைக் கையில் எடுத்தால் சில கேள்விகளைக் கேளுங்கள். செயலைச் செய்தவர் பெயர் உள்ளதா? ‘வீடுகள் எரிந்தன’ என்றிருந்தால் எரித்தவர் எங்கே? பேட்டி கண்டது யாரை, காணாமல் விட்டது யாரை? ‘பதற்றம்’, ‘அமைதி’ என்னும் சொற்கள் யாருடைய பதற்றத்தை, யாருடைய அமைதியைக் குறிக்கின்றன? அதே நாளில் வந்த வேறு இதழ் என்ன சொல்கிறது? ஓர் இதழை மட்டும் படிப்பவன் ஒரு சாட்சியை மட்டும் விசாரித்த நீதிபதிக்கு ஒப்பாவான்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1920-இல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். மக்கள் கல்விக் கழகத்தை அவர் நிறுவியது 1945-இல். கழகத்திற்கு 25 ஆண்டு முன்னரே இதழ்! படிப்பதற்குப் பள்ளி வேண்டுமாயின், அப்பள்ளியின் தேவையைச் சொல்லத் தாள் வேண்டும் என்று அவர்கள் கண்டனர். பண்டிதரின் எழுத்துக்கள் 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் தாளைக் காத்ததனால் அன்றோ ஒரு நூற்றாண்டின் சிந்தனை மீண்டது!

நாமும் காக்க வேண்டும். நம் மதுரை மாவட்டத்து மேலவளவில் 1997-இல் நடந்த படுகொலை, பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் 2006 வரை ஊராட்சித் தேர்தல் முறையாக நடைபெற முடியாதிருந்த நிலை, 2008-இல் உத்தப்புரம் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது ஆகியவை வெளிவந்த தாள்கள் இன்றும் பல வீடுகளில் கிடக்கின்றன. கரையானுக்கும் பழைய தாள் வணிகர்க்கும் அவை போகுமுன் திரட்டுவோம். செய்தித்தாள் மலிவான மரக்கூழால் ஆனது. வெயில் பட்டால் விரைவில் மஞ்சளித்து நொறுங்கும். ஆதலால் மடிக்காமல் விரித்து, உலர்ந்த இருட்டறையில் வையுங்கள். ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். செய்தியை மட்டும் கத்தரிக்காமல் முழுப்பக்கத்தையும் காப்பாற்றுங்கள். இதழின் பெயர், நாள், பக்கம் மூன்றையும் தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள். கைப்பேசியால் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். நாள் இல்லாத நறுக்கு, முகவரி இல்லாத கடிதம் போன்றது. பழந்தமிழ் இதழ்களைக் காக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குச் சென்று அவர்கள் வேலை செய்யும் முறையை நம் மாணவர் நேரில் காணட்டும்.

இக்கழகத்தின் கட்டடத்தில் ஓர் அலமாரியை இப்பணிக்கென ஒதுக்கவேண்டும் என்பதே இவ்வெள்ளிவிழாவில் நாங்கள் வைக்கும் வேண்டுகோள். அதில் நமக்குத் துணைநின்ற பிறர் சொற்களும் இருக்கட்டும். பகையை வளர்ப்பது நம் நோக்கமன்று. எதிர்ப்பு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பாதுகாப்பு, பெருமை, தகுதி, அமைதி என்று நல்ல சொற்களைப் போர்த்திக்கொண்டே அது வருகிறது. நாளை அது இன்னொரு சொல்லைப் போர்த்தி வரும்போது, இன்னதென்று அடையாளங்காணும் கண் நம் பிள்ளைகளுக்கு வாய்க்க வேண்டும். பொன்விழா காணும் தலைமுறை அந்த அலமாரியைத் திறந்து பார்க்கும்போது, நாம் பட்டம் பெற்றதோடு சான்றையும் விட்டுச் சென்றோம் என்று அறியட்டும்.