வானத்தைப் பார்த்து வழி நடக்கும் வண்டு
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரை)



திசை அறிவதன் அருமையை நாம் நன்கறிவோம். நாள்தோறும் ஐவேளையும் கிப்லாவை முன்னோக்கி நிற்பவர்கள் நாம். கப்பலோட்டி வாணிபம் செய்த நம் முன்னோர்கள் விண்மீன்களைக் கொண்டு கடலில் வழி கண்டனர். அவ்வாறே வழி காணும் ஒரு சிற்றுயிரைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விழைகிறோம். அது சாணவண்டு.

சாணத்தை உருண்டையாகத் திரட்டி உருட்டிச் செல்வது இவ்வண்டின் வழக்கம். சாணக் குவியலருகே உருண்டையைப் பறித்துக்கொள்ளப் பிற வண்டுகள் காத்திருக்கும். ஆகவே எடுத்த திசையில் நேராக விலகிச் செல்வதே அதற்குப் பாதுகாப்பு. வளைந்து சுற்றினால் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி, உழைப்பின் பயனை இழக்க நேரிடும். ஆனால் அதுவோ தலையைத் தாழ்த்தி, பின்னங்கால்களால் உருண்டையைத் தள்ளியவாறு பின்னோக்கி நடக்கிறது. பிறகு எவ்வாறு நேராகச் செல்கிறது? உருண்டையின் மேலேறி ஒரு சுற்றுச் சுற்றி, வானத்தைப் பார்த்துத் திசையைக் குறித்துக்கொள்கிறது. பகலில் சூரியனும் இரவில் நிலவும் அதற்கு அடையாளம்.

நிலவற்ற இரவில் என்ன செய்யும்? சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரீ டாக்கே குழுவினர், தென்னாப்பிரிக்காவில் இவ்வண்டுகளுக்குச் சிறு அட்டைத் தொப்பி அணிவித்துப் பார்த்தனர். வானம் மறைந்ததும் அவை தடுமாறின. பின்னர் ஜோஹன்னஸ்பர்க் கோளரங்கத்தில் பால்வெளியின் ஒளிப்பட்டையை மட்டும் காட்டியபோது திசை தவறாது சென்றன. இவ்வாய்வு 2013இல் வெளியாயிற்று.

2021இல் வெளியான மற்றோர் ஆய்வு நம் சிந்தனைக்குரியது. நகர ஒளியால் விண்மீன்கள் மங்கிய வானத்தின் கீழ் வண்டுகள் திசை இழந்தன. கண்ணெதிரே விளக்குகள் ஒளிர்ந்த இடத்திலோ, பல திசைகளில் பிரிந்து செல்ல வேண்டியவை யாவும் அவ்விளக்குகளை நோக்கியே சென்றன. நம் சோழமண்டலக் கரையிலும், முட்டையிலிருந்து வெளிவரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலை விட்டுக் கரை விளக்குகளை நோக்கிச் சென்று மடிகின்றன. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்று இரவு வானத்தை நோக்கினால், பால்வெளி நமக்கும் தென்படுவதில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் அடைக்கப்பட்டபின் மினாராவின் அலங்கார விளக்குகளை அணைத்துவிட நிர்வாகம் ஆலோசிக்க வேண்டும். ஃபஜ்ருக்கு வரும் முதியவர்களுக்கு வேண்டிய வாயில் விளக்கும் நடைபாதை விளக்கும், ஒளி கீழ்நோக்கி விழும்படி மூடியிட்டு எரியட்டும். இதனால் மின்கட்டணமும் குறையும். நம் வீட்டு மாடி விளக்குகளிலும் இதனைக் கடைப்பிடிப்போமாக. விண்மீன் நிறைந்த வானத்தை நம் முன்னோர்கள் கண்டனர். நம் பிள்ளைகளும் அதனைக் காண வேண்டுமன்றோ?

வஸ்ஸலாம்.