கடிதம் பேசியவர்

மைக்கின் முன் அமர்ந்ததும், கண்ணுக்குப் புலப்படாத லட்சோப லட்சம் பேரை மனத்தில் நிறுத்திக்கொண்டு, மேடைப் பிரசங்கியைப் போலக் குரலை உயர்த்திவிடுகிற தோஷம் என் போன்ற வானொலிப் பேச்சாளர்களை எளிதில் பற்றிக்கொள்வது. அது தம்மை அணுகாதபடி அரை நூற்றாண்டுக்கும் அதிகமாகக் காத்துக்கொண்ட அலிஸ்டர் குக் என்பவரைப் பற்றி இன்று பேசலாமென்று இருக்கிறேன்.

1908-ல் இங்கிலாந்தில் ஸால்ஃபோர்டு நகரில் பிறந்து, 1941-ல் அமெரிக்கப் பிரஜையாகி, 1972 வரை ‘கார்டியன்’ பத்திரிகைக்கு அமெரிக்க அரசியலை எழுதிவந்த இவர், 1946 மார்ச்சில் பி.பி.சி.யில் ‘அமெரிக்காவிலிருந்து கடிதம்’ என்ற வாராந்தர உரையைத் தொடங்கியபோது, அதற்கு விதிக்கப்பட்டிருந்த ஆயுள் 13 வாரங்களே. அது 2004 பிப்ரவரி வரை நீடித்து, 2,869 உரைகளாக வளர்ந்தது.

முதல் உரையின் விஷயம் என்ன தெரியுமா? யுத்தம் முடிந்து ஓராண்டுகூட ஆகாத அவ்வேளையில், வல்லரசுகளின் மந்திராலோசனைகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அமெரிக்கச் சிப்பாய்களை மணந்து ‘க்வீன் மேரி’ கப்பலில் கடல் கடந்த பிரிட்டிஷ் பெண்களைப் பற்றிப் பேசினார். இதுவே கடைசிவரை அவருடைய மார்க்கமாக இருந்தது. கோல்ஃப் ஆட்டம், ஜாஸ் சங்கீதம், இலையுதிர்காலத்து நியூ இங்கிலாந்து மரங்கள் என்று எங்கோ தொடங்கி, சற்றும் எதிர்பாராத ஒரு திருப்பத்தில் நம்மை ஜனாதிபதி மாளிகையின் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அப்போதைக்கப்போது மனத்தில் உதித்ததுபோல் ஒலித்த அந்த வாக்கியங்களெல்லாம் அவரே தட்டெழுத்தில் அடித்துவைத்தவை என்பது, எழுதியதை எழுதியது போலவே படித்துப் பழகிய எனக்குச் சிறிது பொறாமையூட்டுகிற செய்தி.

ஜோசியம் மட்டும் அவருக்குக் கைவரவில்லை. 1948 ஜனாதிபதி தேர்தலுக்குச் சற்று முன், அப்போதைய ஜனாதிபதி ட்ரூமனைத் தோற்றுப்போனவராகவே பாவித்துக் கட்டுரை எழுதினார்; ட்ரூமனோ ஜெயித்தார்.

கண்ணால் கண்டதைச் சொல்லும்போதோ கதை வேறு. 1968 ஜூன் 5-ஆம் தேதி, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில், ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டுவந்த செனட்டர் ராபர்ட் கென்னடி சுடப்பட்டபோது குக் அங்கே இருந்தார். சமையற்கட்டை ஒட்டிய இடத்துக்குள் புகுந்து, தரையில் ரத்தம் வழியக் கிடந்தவரைப் பார்த்தார். தேசம் முழுவதுமே குற்றவாளி என்று பலரும் மார்பில் அடித்துக்கொண்ட அந்நாட்களில், ஒருவன் செய்த பாதகத்தை ஜனசமூகம் அனைத்தின் தலையிலும் ஏற்றத் தாம் சம்மதிக்க முடியாதென்று வானொலியில் சொன்னார். இதைக் கடுமை என்று கருதுவோர் இருக்கலாம். அந்தக் கோரத்தை அவ்வளவு அருகில் கண்ட ஒருவர், கேட்பவர்களின் கண்ணீரைச் சம்பாதிக்க அதை உபயோகிக்காமல் நிதானமாக எடைபோட்டாரே, அந்தக் கால் மணி நேர உரைக்கு ஈடாக அவருடைய நீண்ட உத்தியோகத்தில் வேறெதையும் என்னால் வைக்க முடியவில்லை.