மெதுவாக விழும் காந்தம்



ஓர் அலுமினியக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து ஒரு சிறிய இரும்புக் குண்டைப் போடுங்கள். சட்டென்று கீழே வந்துவிடும். அதே அளவுள்ள வலுவான காந்தத்தைப் போட்டால், அது ஆற அமர இறங்கி வரும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாதே, பிறகு ஏன் இந்தத் தாமதம்? காந்தம் நகரும்போது குழாயில் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலம், விழுகிற காந்தத்தைத் தடுக்கிறது. பாடப்புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்த லென்ஸ் விதி இதுதான்.

மனப்பாடமாக இல்லாமல், இப்படிச் செய்து காட்டி இயற்பியலை நன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற அக்கறையோடு 1984-இல் உருவானது இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம். பேராசிரியர் டி. பி. கண்டேல்வால் முன்னின்று தொடங்கினார். சொற்பொழிவு, மாநாடு, செய்முறைப் பயிலரங்கு என்று பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் அங்கே ஒன்றுகூடுகிறார்கள். சங்கம் நடத்தும் தேசியத் தேர்வு, சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாடுக்குப் போகும் நம் மாணவர்களுக்கு முதல் படி. இதே அக்கறையோடு, கான்பூர் ஐஐடியில் பணியாற்றிய பேராசிரியர் எச். சி. வர்மா, 'அன்வேஷிகா' என்ற செய்முறை மையங்களைப் பல ஊர்களில் வளர்த்தார். எளிய பொருள்களே அங்கே கருவிகள்.

ஓர் ஆசிரியர் கண்டுபிடித்த நல்ல வழி அவர் வகுப்போடு நின்றுவிடக் கூடாது. நாலு ஆசிரியர்கள் கூடிப் பேசினால், அது நாலு பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேரும். பெற்றோர்களே, இன்று சாயங்காலம் பிள்ளையிடம் மார்க்கைக் கேட்பதற்கு முன்னால், "இன்றைக்கு என்ன சோதனை செய்து பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள்.